என் பாஸ்போர்ட்டுக்குக் கீழே இருந்த பாஸ்போர்ட்

சீனு,

நீ கேட்டதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் உன்னைக் காக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. நித்யாவின் பிரசவத்துக்கு நான் வருகிறேன். கோமதியைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். இந்த ஒரு வரியை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ "சரிமா, சரிமா, அப்புறம் பேசலாம்மா" என்று இரண்டு சரியில் என்னை முடித்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. இதை நித்யாவும் படிக்கட்டும். அவளிடம் மறைத்து உன்னிடம் சொல்லவோ, உன்னிடம் மறைத்து அவளிடம் சொல்லவோ இதில் ஒன்றும் இல்லை. படிக்கிற வேறு யாரானாலும் படிக்கட்டும். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் வீடு நம் தெருவில் நம்முடையது மட்டும் இல்லை.

அன்றைக்கு நீ போனில் பேசியதை ஒருமுறை நினைத்துப் பார். வீட்டு வேலைக்கு இருந்த லட்சுமம்மா தை மாதத்தில் உங்கள் வீட்டைவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள், நித்யாவுக்கு நிறைமாதம் வரப் போகிறது, பெரியவனைப் பார்க்க ஆள் இல்லை, அவளுடைய அம்மாவுக்கோ முட்டி வலி. எல்லாம் நியாயம். அதற்குப் பிறகு நீ சொன்னாய்: "நம்ம பூக்கார அஞ்சலை பொண்ணு இருக்கில்ல, கோமதி, அதைக் கூட்டிக்கினு வந்துடுமா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிக்கலாம்." விசா எப்படி என்று கேட்டேன். "விசிட் விசாவில சொந்தக்காரப் பொண்ணுன்னு போட்டுக்கலாம்மா, அதெல்லாம் இங்க எல்லாரும் பண்றதுதான்" என்றாய். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "பார்த்துச் செய்யலாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் செய்ய மாட்டமா?" என்றாய். கடைசியில், இவளும் லட்சுமம்மா மாதிரி கிளம்பிவிட்டால் என்ன செய்வாய் என்று சும்மாதான் கேட்டேன். அதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "லட்சுமம்மா பாஸ்போர்ட்டே இங்கதாம்மா கெடக்குது, எங்க போயிடப் போறா?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்த பிறகு உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமலே, "பெத்த பையன் மேலயே சந்தேகமா? உன்னை போலீஸ்ல சேர்த்திருக்கணும். பட்டுக்கடையில பில்லு போட்டவனுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்றார். நான் சந்தேகக்காரிதான், மறைக்கவில்லை. உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது கடைக்காரர் எத்தனை அழகாகப் பேசினார், நினைவிருக்கிறதா? நான் முந்தானை ஓரத்துச் சரிகை இழை ஒன்றை நகத்தால் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். நீ வெட்கப்பட்டு, "அம்மா, பெரிய கடைம்மா" என்று காதில் சொன்னாய். கீறிய இடத்தில் வெள்ளையாக வந்தது. வேறு கடைக்குப் போனோம். அன்றைக்குச் சரிகையைக் கீறினது போலத்தான் இப்போது உன் வார்த்தைகளையும் கீறிப் பார்க்கிறேன். வீட்டுப் பொண்ணு, சொந்தக்காரப் பொண்ணு, பார்த்துச் செய்யலாம். மேலே எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கே எனக்கு இவ்வளவு தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அஞ்சலையைத் தேடி அவள் ஊர் முசரவாக்கத்துக்குக் கிளம்பியிருக்கமாட்டேன். ஒரு வீட்டுக்குப் பெண்ணைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவது எப்படி? கோமதியின் அம்மாவுக்கு நல்ல புடவையாக எடுத்துக் கொடுங்கள் அத்தை என்று நித்யாவும் சொல்லியிருந்தாள். எடுத்தேன். இலைப்பச்சையில் சின்னக் கரை போட்ட பட்டு. நம் பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம் வைத்து, மேலே புடவையை வைத்துக் கொண்டுபோனேன். என் கை பழகிய வேலை இது, எத்தனை வீட்டு நல்லது கெட்டதுக்குச் செய்திருக்கிறேன். தட்டைக் கொண்டுபோய் அஞ்சலையின் முன்னால் நீட்டினேன்.

தினமும் காலையில் கோயில் தெருவில் எனக்குத் துளசியும் கதம்பமும் கொடுக்கிறவள் அவள். முழம் போடும்போது கையை நீட்டிப் போடு என்று நானும், "உனுக்கு முழம் போட்டா என் கையே நீண்டு போவுதுக்கா" என்று அவளும் சண்டை போடாத நாள் கிடையாது. அந்த அஞ்சலை தட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். முகம் மாறிவிட்டது.

"கீழ வையிக்கா. என் கையில குடுக்காத."

"ஏன், புடவை பிடிக்கலையா?"

"பொடவை நல்லாதான் இருக்குது. அது வேற. தட்டை வாங்கிட்டா பேச்சு முடிஞ்சிடும். நீ இன்னும் பேசவே இல்லையே."

நான் சிரித்தேன். இது என்ன கல்யாணமா, தட்டு மாற்றி நிச்சயம் பண்ண, மரியாதைக்குத்தானே கொண்டுவந்தேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தன் அக்கா பொன்னியைப் பற்றிச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்றே எனக்குத் தெரியாது.

"எங்க அக்காவை இப்டிதான் கேட்டுக்கினு வந்தாங்க. பெரிய வூடு. எங்க அம்மா பணம் வாங்கல, பத்திரம் எழுதல, ஒண்ணும் பண்ணல. ஒரு தட்டு, ஒரு பொடவை. ரெண்டு கையால வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு. அப்பால தீபாவளிக்கு எங்க அப்பா கூப்பிடப் போனாரு. அனுப்பல. ஒடம்பு சரியில்லன்னு போனாரு. அனுப்பல. தாம்பூலம் வாங்கிட்டு வந்து பொண்ணைத் திருப்பிக் கேக்கறியேன்னாங்க. எங்க அப்பா அப்டியே திரும்பி வந்துட்டாரு. வாங்கினது நெசந்தானே?"

"அடிச்சாங்களா?"

"அடிக்கல. சோறு வயிறாரப் போட்டாங்க. அவங்களே கல்யாணமும் பண்ணி வச்சாங்க, அவங்க வூட்டு வண்டி ஓட்டறவனுக்கு. ரெண்டு பேரும் அங்கயே வேலை செஞ்சிக்கினு அங்கயே கெடந்தாங்க. எங்க வூட்டுப் பொண்ணு மாதிரின்னுதான் அந்தம்மாவும் சொல்லும். அது பெத்த பொண்ணு பஸ் ஏறி காலேஜ் போச்சு. எங்க அக்கா அதுக்கு டிபன் கட்டிக் குடுத்துச்சு."

தட்டு எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் இருந்தது. ஒரு ஈ வாழைப்பழத்தின் மேல் உட்கார்ந்தது. இரண்டு பேருமே அதை விரட்டவில்லை. அஞ்சலைதான் பிறகு சொன்னாள்: "உன் பையன் நல்ல பையன்க்கா. நான் இல்லன்னு சொல்லல. நீ தட்டைத் தூக்கிக்கினு போ. நாளைக்குக் காலையில பூ வாங்க வா. அப்ப இந்தப் பேச்சே இல்ல, நீ பூ வாங்கறவ, நான் விக்கறவ." தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒயர்கூடையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்துக்கு என் பின்னாலேயே கோமதி ஓடி வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள், அன்றைக்கு அவளுக்கு லீவு. பத்தொன்பது வயது. "பெரிம்மா, எங்க அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி. நான் வர்றேன். பிளைட்ல போறதுன்னா யாரு வேணாம்பாங்க?" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று. பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். கேலி பண்ணுகிற மாதிரிதான் கேட்டாள், ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "சம்பளம் என்ன பெரிம்மா? கேன்டீன்ல வாரத்துக்கு ஒரு நாள் லீவு குடுக்கறாங்க, அங்க உண்டா? போன் என் கையிலயே இருக்குமா? பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கும்? புடிக்கலன்னா நானே டிக்கெட் போட்டுக்கினு வந்துடலாமா?" எதையுமே நீ எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. "என்னா பெரிம்மா, மாப்பிள்ளை வூட்டைப் பத்தி ஒண்ணுமே விசாரிக்காம பொண்ணு கேக்க வந்துட்டியா?" என்று சிரித்துவிட்டு, பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டாள்.

விசாரிக்கத்தான் நூலகத்துக்குப் போனேன். நான் எட்டாவதோடு நின்றவள், அதற்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்ததுதான். முதலில் வெளிநாட்டு வீட்டு வேலைச் சட்டம் என்ன என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து ஒன்றாக, உலகத்தில் அடிமைத்தனத்தை எந்த எந்தத் தேசம் எப்படி ஒழித்தது என்கிற கதைக்குள் போய்விட்டேன். பல நாள் மத்தியானம் அங்கேயேதான். உன் அப்பா மோர்சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டார்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு எதைப் படித்தாலும் எந்தப் பக்கம் வரவு, எந்தப் பக்கம் செலவு என்றுதான் கண் போகும். வெள்ளைக்காரர்கள் தங்கள் தீவுகளில் இருந்த அடிமைகளை விடுதலை செய்து சட்டம் போட்டார்கள். சரி, நல்லது. அதோடு நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். யாருக்கு என்று நினைக்கிறாய்? வைத்திருந்தவர்களுக்கு. பிடித்துக்கொண்டு வரப்பட்டு, கரும்பு வெட்டி, முதுகில் அடி வாங்கினவர்களுக்கு ஒன்றும் இல்லை. தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று அந்தப் பக்கத்தைத் திரும்பவும் படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். அது மட்டுமில்லை, விடுதலை என்று சொன்ன பிறகும் வயலில் இருந்த பெரியவர்கள் இன்னும் சில வருஷம் அதே எஜமானிடமே வேலை செய்யவேண்டும் என்று வைத்தார்கள். அதற்கு அடிமை என்று பெயர் இல்லையாம், தொழில் பழகுநர் என்று பெயராம். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவனுக்கு இன்னும் என்ன தொழில் பழக வேண்டியிருந்தது? அந்தச் சட்டத்திலிருந்து நம் தேசத்தை, அப்போது கம்பெனி ஆண்ட பூமியை, தனியாக விலக்கியும் வைத்திருந்தார்கள். பத்து வருஷம் கழித்து இங்கே ஒரு சட்டம் வந்தது. அதிலும் அடிமைகளே இன்றுமுதல் உங்களுக்கு விடுதலை என்று சொல்லவில்லை. அடிமை என்கிற பாத்தியதையைக் கோர்ட்டு இனிமேல் ஏற்றுக்கொள்ளாது என்று மட்டும் சொன்னார்கள். வீட்டுக்குள் இருந்தவளுக்குக் கோர்ட்டு எங்கே தெரியும்? அவளிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அவளை வைத்திருந்தவரா?

தீவுகளில் அடிமைகள் விட்டுப்போன இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பெயர் ஒப்பந்தம். பிரான்ஸ் தேசத்தில் ஒழித்தார்கள், சில வருஷத்திலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள், மறுபடியும் ஒழித்தார்கள். அமெரிக்காவில் ஒழித்தபோது, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர என்று நடுவில் ஒரு வார்த்தையைச் செருகி வைத்தார்கள். நம் நாட்டில் அரசியல் சட்டமே கட்டாய வேலை கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கொத்தடிமை ஒழிப்பு என்று தனியாக ஒரு சட்டம் போடவேண்டியிருந்தது. ஏற்கனவே இல்லாமல் போன ஒன்றை எதற்காகத் திரும்பவும் ஒழிக்கவேண்டும்? இதையெல்லாம் படித்ததில் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை போய்விடவில்லை. அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு பெயரைத் தடுத்த உடனே யாரோ ஒருவர் உட்கார்ந்து புதுப்பெயர் யோசிக்கிறார். பழகுநர். ஒப்பந்தக்காரர். சொந்தக்காரப் பொண்ணு. கடைசியாகச் சொன்ன பெயரை யோசித்தது நீ, சீனு.

இன்னொன்றும் படித்தேன். அதைப் படித்த அன்று கோயிலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. தமிழ்நாட்டுப் பழைய கோயில் கல்வெட்டுகள் சிலதில், ஆட்களை விற்றதும், பஞ்சத்தில் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதும் எழுதியிருக்கிறதாம். எந்த ஊர் என்று அவசரமாகப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் நம் ஊர் இல்லை. அப்பாடா என்று இருந்தது. உடனே அந்த அப்பாடாவின் மேலும் சந்தேகம் வந்தது. வேறு ஊர்க் கல் என்றால் எனக்கென்ன நிம்மதி? மறுநாள் போனேன். பெருமாளிடம் அடியேன் என்றுதான் தினமும் சொல்கிறேன், அன்றும் சொன்னேன், இனியும் சொல்வேன். ஆனால் அதை நானே வாய் திறந்து சொல்கிறேன். யாரும் என்னைத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. நாளைக்கு வராவிட்டால் அவர் ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லமாட்டார். மனிதரை மனிதர் அப்படிச் சொல்லவைப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். எதற்காகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார் என்று அவரையும் கேட்டேன். உன் அம்மா யாரையும் விடுவதில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். போன தடவை நான் மஸ்கட்டுக்கு வந்தபோது ஏர்போர்ட்டிலேயே கையை நீட்டினாய். "பாஸ்போர்ட்டைக் குடுமா, நீ தொலைச்சிடுவ." கொடுத்தேன். முப்பது வருஷமாக ரேஷன் கார்டையும் கேஸ் புத்தகத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் வைத்திருக்கிறவள் எதைத் தொலைத்தேன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை அக்கறையாகக் கேட்கிறான் என்று நெகிழ்ந்துதான் போனேன். சித்திரை முடிந்து வைகாசிக் கருட சேவைக்கு ஊர் திரும்புவதாகத்தானே டிக்கெட்? ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து, "ஒரு மாசம் தள்ளிப் போட்டுட்டேம்மா, சர்ப்ரைஸ்!" என்றாய். நித்யா கை தட்டினாள், குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நானும் சிரித்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து தவறவிடாத கருட சேவையை அந்த வருஷம் உன் போனில், கை அகலத்தில் பார்த்தேன். குடை ஆடுவது தெரிந்தது, பெருமாள் முகம் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானே இருக்கிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லையே.

அந்த மாதத்தில்தான் ஒருநாள், உன் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது, ஆரம் எடுக்க நித்யா லாக்கரைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே ரப்பர் பேண்டு போட்டு இரண்டு பாஸ்போர்ட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஒரே நீலம், ஒரே சிங்கம். மேலே இருந்தது என்னுடையது என்று அதன் பிளாஸ்டிக் உறையில் தெரிந்தது. அறை வாசலில் லட்சுமம்மா, இஸ்திரி போட்ட புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கடப்பா பக்கத்துக்காரி. நம் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளோடு பழகியதில் எனக்கும் கொஞ்சம் வரும் என்பதால் என்னிடம் மட்டும் மனசு விட்டுப் பேசுவாள். எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள், "நாதி உந்தா அம்மா?" என்னுடையது இருக்கிறதா என்று. "உந்தி" என்றேன். இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுடையதைப் பற்றி அவள் என்னைக் கேட்க வேண்டியிருக்கிறது, என்னுடையதைப் பற்றி நான் உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வித்தியாசம்தான் இருந்தது. நான் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அதையும் நான் கேட்டுப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

உனக்கு இது தெரியாத வலி இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. படித்து முடித்து மெட்ராஸில் முதல் வேலைக்குச் சேர்ந்தாயே, அந்தக் கம்பெனியில் உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு நல்ல வேலை வந்தபோது கொடுக்கவில்லை. பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினாய். "அம்மா, என் படிப்பை வச்சிக்கினு குடுக்க மாட்டன்றாங்கம்மா" என்று நீ அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அப்பா போய் அந்த ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றார். அங்கே இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "சேஃப்டிக்குத்தான் சார் வச்சிருக்கோம்." லட்சுமம்மாவின் பாஸ்போர்ட்டைப் பற்றி மஸ்கட்டில் இருந்தபோது உன்னிடம் கேட்டேனே, நீயும் அதே வார்த்தையைத்தான் சொன்னாய். "சேஃப்டிக்குத்தாம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான்." அந்த ஊரிலேயே வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருப்பதாக இப்போது படித்தேன். நீ படித்தவன், எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொன்னால் நம்ப முயற்சி செய்கிறேன்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. தெருநாய்க்குத் தண்ணீர் வைக்கிற பிள்ளை நீ. லட்சுமம்மாவை ஒரு சொல் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை. நித்யா தான் சாப்பிடுவதையே அவளுக்கும் போட்டாள். ஆனால் பொன்னியை வைத்திருந்த அந்த வீட்டு அம்மாவும் நல்லவள்தானாம். நல்லவர்கள் கையில் இருக்கிற பூட்டுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் பூட்டினால் தெருவே கேட்கும். நல்லவர்கள் பூட்டினால் உள்ளே இருக்கிறவளே தன்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வாள். நன்றி கெட்டவள் என்று லட்சுமம்மாவைச் சொன்னாயே, அந்த வார்த்தையையும் கீறிப் பார்த்தேன். வேலை செய்தாள், சம்பளம் கொடுத்தாய், இதில் நன்றி எங்கிருந்து வந்தது? போகவேண்டும் என்று அவள் கேட்டிருந்தால் நீ எடுத்துக் கொடுத்திருப்பாயா, அல்லது அவளுக்கும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருப்பாயா? எத்தனை தடவை கேட்டாளோ! எனக்குக் கணக்கு நேராகவில்லை. அவள் போய்விட்டாள் என்கிறாய். பாஸ்போர்ட் உன் லாக்கரில் இருக்கிறது என்கிறாய். பாஸ்போர்ட் இல்லாமல் அவள் ஊருக்கு வந்திருக்க முடியாது. அப்படியானால் அந்த வெயிலில், அந்த ஊரில், தை மாதத்திலிருந்து அவள் எங்கே இருக்கிறாள்? நம் தேசத்துத் தூதரகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாளா, வேறு யார் வீட்டிலாவது கதவுக்கு உள்ளே இருக்கிறாளா? நீ தேடினாயா? அல்லது எங்கே போய்விடுவாள் என்று சிரித்துவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொருத்தியைக் கேட்டு எனக்குப் போன் பண்ணினாயா?

கோமதியைப் பற்றி இனி பேச்சு வேண்டாம். அவளைப் போலப் பத்தாவது முடிக்காத, முப்பது வயது ஆகாத பெண்ணை வீட்டு வேலைக்கு அந்தத் தேசங்களுக்கு அனுப்பக் கூடாது என்று நம் அரசாங்கமே வைத்திருக்கிறது. அதனால்தான் சொந்தக்காரப் பொண்ணு என்று நீ பெயர் மாற்றப் பார்த்தாய் என்பதும் எனக்கு இப்போது புரிகிறது. வேலைக்காரி என்று போனால் நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடமாவது சொல்லலாம். சொந்தக்காரி என்று போனால் யாரிடம் சொல்வாள், என்ன என்று சொல்வாள்? அவளிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். "நீயும் எங்க அம்மா மாதிரிதான் பெரிம்மா, பிளைட்டைக் கண்ணுல காட்டாமலே இறக்கி வுட்டுட்டீங்க" என்றாள். கோபித்துக்கொள்ளட்டும். அந்தப் புடவையைப் பங்குனி உத்திரத்தன்று, தட்டு இல்லாமல், வெற்றிலை பாக்கு இல்லாமல், வெறும் துணிப்பையில் போட்டு அஞ்சலையிடம் கொடுத்தேன். இது எதற்கும் இல்லை, உத்திரத்துக்கு என்றேன். வாங்கிக்கொண்டாள். வாங்கினவள் என் எதிரிலேயே சரிகை ஓரத்தை நகத்தால் கீறி உள்ளே பார்த்தாள். "உன்னைப் பார்த்துக் கத்துக்கினதுதான்க்கா" என்றாள். தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் வைகாசிக் கருட சேவையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். பிரசவத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுவேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், பெரியவனைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நித்யா கவலைப்பட வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட்டையும் இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நானே போட்டுவிட்டேன். அதை யாரும் சர்ப்ரைஸாக மாற்றக் கூடாது. ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிக்கொள், நெல்லிக்காய் ஊறுகாய் டப்பாவை வாங்கிக்கொள். என் பாஸ்போர்ட் என் கைப்பையில் பெருமாள் படத்தோடு இருக்கும். பழக்கத்தில் கையை நீட்டிவிடாதே. நான் கொடுக்காமல் நின்றால் நித்யாவுக்கும் பேரனுக்கும் முன்னால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஒன்று மட்டும் நான் வருவதற்கு முன்னாலேயே செய்துவிடு. நேற்று கோயிலில் உன் பேருக்கும் நித்யா பேருக்கும் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். லட்சுமம்மா பேருக்கும் கொடுத்தேன். பட்டர் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சுவாமி பேருக்கே பண்ணிவிடுகிறேன் என்று பண்ணினார். வீட்டுப் பொண்ணு மாதிரி உன் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவளுடைய நட்சத்திரம் உங்களுக்காவது தெரியுமா? தெரியாது என்றால் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கும், லாக்கரைத் திறந்து எடுத்துப் பார். பார்த்துவிட்டு அதைத் திரும்ப உள்ளே வைக்காதே. தூதரகத்துக்கு எடுத்துக்கொண்டு போ.

அம்மா